முருகனும் போவான், காவடியும் போவும்

வாடா நைனா, மெட்ராஸ் சவுண்டு இஞ்சினியரே! மூடுன ஸ்டுடியோவுலேர்ந்து காவடிப் பாட்டு மாஸ்டர் கேசட்டெல்லாம் அட்டைப்பெட்டியில அள்ளிகினு வந்துட்டியாமே. பழைய வீசிஆருல போட்டுப் பாத்தியாம், படமே வரலியாம். திருத்தணி முருகன் மயில்மேல வந்து நிப்பாருன்னு நெனச்சியா?

கேசட்டு என்னவோ எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டுதான். ஆனா பதிஞ்சது ஏடாட் மிஷின்ல, வெறும் சத்தந்தான். அலெசிஸ் கம்பெனிக்காரன் 1991-ல காட்டி, 1992-ல விக்க ஆரம்பிச்சது. எட்டுத் தடம், ஒவ்வொரு தடத்துலயும் சத்தத்த நொடிக்கு 48,000 எண்ணாக்கிப் பதியும். நாடாவ வீசிஆரவிட மூணு மடங்கு வேகமா இழுக்கும், ரெண்டு மணி நேரக் கேசட்டு 40 நிமிசத்துல காலி. பதினாறு மிஷினக் கோத்தா 128 தடம். அவ்ளோ பாடகரு நம்ம பள்ளிப்பட்டு தாலுகாவுலயே கெடையாது, கத்தறவன் வேணா இருப்பான்.

அதுக்கு முன்னாடியே சோனிக்காரன் 24 தட டிஜிட்டல் டேப்பு மிஷின் செஞ்சான், பெரிய ஸ்டுடியோதான் தாங்கும். ஏடாட் அப்போ 3,995 டாலரு. வீட்டு ரூமுலயே ஸ்டுடியோ வெக்க ஆசப்பட்டவனுக்கெல்லாம் தெகிரியம் வந்துது. பாவுல ஒரு இழை அறுந்தா அத மட்டும் முடிபோட்டுத் தறிய ஓட்றோம் பாரு, அப்பிடித்தான் இந்தத் தனித்தனித் தடமும். சுருதி விட்ட எடத்த மட்டும் திரும்பப் பாடிப் பதிக்கலாம், நாயனமும் தவிலும் அசையாது. ஒரே மூச்சுல எல்லாரும் சேந்து வாசிச்ச காலத்துல, கடைசி வரியில ஒருத்தன் இருமினா எல்லாருக்கும் மொதல்லேர்ந்து தண்டனை.

"டிஜிட்டலு, அழியாது தாத்தா"ன்னு சொல்லிகினு திரியறியாமே. ரொம்ப சரி! பழைய அனலாக் டேப்பு கிழடானா இரைஞ்சுகினாவது பாடும், என்ன மாதிரி. இது அப்பிடியில்ல. நாடாவுல சின்னச் சின்ன சேதத்த மிஷினே கணக்குப் போட்டு மூடி மறைக்கும், உன் காதுக்குத் தெரியவே தெரியாது. சேதம் அளவு மீறுச்சா, பட்டுனு வாயடைச்சுடும்.

மைக்செட்டுக்காரன் சொல்றேன், கேளு. மொதல்ல கேசட்டு முதுகுல கீற பிளாஸ்டிக் நாக்க உடச்சுப் போடு. உன் கை சும்மா இருக்காது. அந்த மிஷின்ல 'ஃபார்மட்'னு ஒரு பட்டன் கீது. அத அமுக்கி ரெக்கார்டு போட்டா முருகனும் போவான், காவடியும் போவும். நாக்க உடச்சுட்டா பதியாது. அப்புறம், மிஷின்ல நாடாவப் படிக்கற ஹெட்ட பஞ்சுக் குச்சியால தேய்க்காத, பஞ்சு மாட்டி ஹெட்டே பேந்துடும். வேல தெரிஞ்சவன் மெத்துத் தோலத்தான் வெப்பான்.

ஓடற ஏடாட் ஒண்ண வாடகைக்காவது புடி. எட்டுத் தடத்தயும் தனித்தனியாவே கம்ப்யூட்டர்ல ஏத்து. கலந்து ஸ்டீரியோ ஆக்கித் தொலைக்காத, திரும்பப் பிரிக்க முடியாது. ரீமிக்ஸு, உன் மேதாவித்தனம் எல்லாம் காப்பியில காட்டு.

ரெண்டு டிஸ்க்குல போட்டு ஒண்ண எங்கிட்ட குடுத்துடு. உன்கிட்ட இருக்கறத நான் நம்பல.