எகோ ஒலே?

இக்போ மொழியில் விலை கேட்பது சுலபம். 'எகோ ஒலே?' என்றால் போதும், எவ்வளவு என்று அர்த்தம். தொல்லையெல்லாம் பதிலில்தான். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து அலாபா சந்தையில் மின்சாமான் கடைகள் பெரும்பாலும் இக்போக்காரர்களுடையவை. அங்கே ஒரு மேசை விசிறியைக் காட்டிக் கேட்டேன். வந்த பதிலில் நரிகள் ஓடின. நூற்றுக்கு அவர்கள் மொழியில் 'நரி', ஆயிரத்துக்குப் 'புக்கு'. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஆங்கிலத்தில் சொன்னார். அது இன்னும் மோசம், விலை புரிந்துவிட்டது!

புரிந்ததும் நெஞ்சில் கைவைத்து 'ம்பா!' என்று அலறவேண்டும். முடியாது என்று பொருள். உடனே அவர் 'ன்வன்னே' என்று குழைவார். உடன்பிறப்பே என்கிறார். இப்படி அழைத்தவர்களுக்கு ஓட்டுப் போட்டே பழகிய எனக்கு, பணமும் கொடுக்கவேண்டும் என்பது புதுச் செய்தி.

சந்தையில்தான் இந்தக் கூச்சல். வீட்டுத் திண்ணையில் பணப்பேச்சு வேறு மாதிரி. இக்போ எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958-இல் வெளிவந்த நாவலில் (தமிழில் 'சிதைவுகள்') ஒகோயே என்பவன், உனோகா என்பவனுக்குக் கொடுத்த 200 சோழிக் கடனைத் திருப்பிக் கேட்க வருகிறான். நேரே கேட்டுவிடுவானா? கோலாக் கொட்டையை உடைத்துத் தின்கிறார்கள். மழை, திருவிழா, பக்கத்து ஊர்ச் சண்டை எல்லாம் பேசி முடிகிறது. அப்புறம் பழமொழி பழமொழியாக அடுக்கி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருகிறான். உனோகா விழுந்து விழுந்து சிரிக்கிறான். பிறகு சுவரைக் காட்டுகிறான். வரிசை வரிசையாகச் சுண்ணக்கோடுகள், கோட்டுக்கு 100 சோழி, எல்லாம் அவன் பிறருக்குத் தரவேண்டியவை. பெரிய கடன்களை முதலில் அடைக்கப் போகிறானாம், சின்னக் கடன்காரன் காத்திருக்க வேண்டுமாம். ஒகோயே மூச்சுவிடாமல், உட்காரக் கொண்டுவந்த ஆட்டுத்தோலைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறான். கடன் வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டியை நான் எந்த இலக்கியத்திலும் படித்ததில்லை.

அதே நாவலில் ஒரு பரியப் பேச்சும் உண்டு. பெண்வீட்டார் 30 விளக்குமாற்றுக் குச்சிகளை நீட்டுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெளியே போய்க் கூடிப்பேசி, 15-ஆகத் திருப்பித் தருகிறார்கள். பெண்வீட்டார் பத்தைச் சேர்க்கிறார்கள். குச்சி இப்படிப் போய்வந்து, கடைசியில் 20 மூட்டைச் சோழிக்குப் படிகிறது. (அன்றைய பணமான சோழி, நாம் தாயம் உருட்டும் சோழிதான். மாலத்தீவுக் கடலில் அள்ளியதை ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொட்டின.)

சோழி போய் பவுண்டு வந்தது. 1973 ஜனவரி 1-இல் பவுண்டு போய் நைரா வந்தது. ஒரு நைராவுக்கு 100 கொபோ என்பது கணக்கு. கொபோவை இன்று கண்ணால் காண்பது அபூர்வம். பணம் மாறியதே தவிர, முதலில் சொன்ன விலையைக் கொடுப்பவனைப் பார்த்து விற்பவருக்கே மனசு கேட்பதில்லை என்பது மாறவில்லை.

அலாபாவுக்கோ ஒனிட்சா பெரிய சந்தைக்கோ போகிறவர்கள் எண்களை மனப்பாடம் செய்யவேண்டாம். 'ம்பா' சொல்லிவிட்டு இரண்டடி நடங்கள். கூப்பிட்டால் விலை குறையும். கூப்பிடாவிட்டால் அதுதான் நியாயமான விலை. வெட்கப்படாமல் திரும்பிப் போய்க் கொடுத்துவிடுங்கள்.