பாதத்தில் வந்த சாரீரம்

முன்னாளில் நல்ல சாரீரம் வேண்டுவோர் அதிகாலையில் எழுந்து அகார சாதகம் செய்தார்கள். இந்நாளிலோ, கண்டத்தால் சாதிக்க இயலாததைக் காலால் சாதிக்கலாம் என்னும் சித்தாந்தம் பரவி, பாடகர் பலர், காலால் மிதித்துக் குரலை மாற்றும் குரல் பெடல் விற்கும் கடைகளில் தவம் கிடக்கின்றனர். நூறு வித்தைகளை அடக்கிய அந்தப் பெட்டியைக் கண்டு பரவசமுறுவோரில், அதில் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் உண்டா, இல்லையேல் தமது கண்டென்சர் மைக் மௌன விரதம் பூணுமே என்று விசாரிப்பவர் சொற்பம். பெடல் உண்டாக்கும் துணைக்குரல் பிசகாமல் சேர வேண்டுமானால், கிதாரின் நாதத்தையேனும் பாட்டின் சுருதியையேனும் பெடலுக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்காவிடில், அது தனிக்கச்சேரி நடத்திவிடும். பிசகிய சுருதியைத் திருத்தும் வித்தையான ஆட்டோ-டியூனை 1997-இல் வெளியிட்ட ஆண்டி ஹில்டெபிராண்ட், அதற்குமுன் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அலைக்கணிதத்தில் ஈடுபட்டிருந்தவர். எவ்வளவு ஆழத்தில் புதைந்த சுருதியையும் தோண்டியெடுக்கலாம் என்ற தைரியம் அங்கேதான் பிறந்திருக்கக்கூடும். வீட்டில் ஹெட்ஃபோனுக்குள் தேவகானமாய் ஒலித்த அதே அமைப்பு, மேடையேறியதும், ஒலிபெருக்கியின் ஓசையையே மைக் மீண்டும் விழுங்க, ஊளையிடத் தொடங்குவதும் உண்டு. எல்லாப் பெடல்களிலும் உத்தமமான அம்சம், வித்தைகள் யாவற்றையும் விலக்கிச் சொந்தக் குரலை மட்டும் அனுப்பும் பைபாஸ். அதை அச்சமின்றி மிதிக்க வல்லவருக்குப் பெடலே பெரும்பாலும் அநாவசியம்.