மொய் எழுதும் மாநாடு

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் போயிருக்கிறீர்களா? வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர். பக்கத்தில் தாம்பாளம். பணம் தட்டில் விழுந்த பிறகுதான் பேர் நோட்டில் ஏறும். ‘இப்ப எழுதிக்கங்க, பின்னால தர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கறிச்சோறு உங்களுக்கு வாசனையோடு சரி.

இந்த நாணயம் தேவைப்படாத மொய் விருந்து ஒன்று உண்டு. முதலீட்டாளர் மாநாடு. தட்டே கிடையாது, நோட்டு மட்டும். 2003இல் குஜராத் ஆரம்பித்து வைத்தது. இன்று நடத்தாத மாநிலத்தைச் சாதியில் சேர்ப்பதில்லை. கோட்டு, பொன்னாடை, புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்டோ. நம்மூரில் 2015இல் 2.42 லட்சம் கோடி ரூபாய் எழுதினார்கள். 2019இல் 3 லட்சம் கோடி. 2024இல் 6.64 லட்சம் கோடி. ஆட்சி மாறும். மொய் ஏறும். 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது: 33 லட்சம் கோடிக்கு மேல். அந்த மாநிலத்தில் ஒரு வருஷம் விளைந்தது, செய்தது, விற்றது எல்லாவற்றையும் கூட்டினாலும் அன்றைக்கு அவ்வளவு தேறாது. உள்நாட்டு முதலாளிகளின் வாக்குறுதியும் சேர்ந்த கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிதியாண்டில் இந்தியா முழுமைக்கும் வந்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 71 பில்லியன் டாலர். நம் காசில் 6 லட்சம் கோடிகூட இல்லை.

சரி, தட்டில் நிஜமாகவே விழும் பணம் எங்கே போகிறது? மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத். இந்த மூன்று இலைக்கே பாதிக்கு மேல் பரிமாறியாகிவிட்டது. டெல்லியையும் தமிழ்நாட்டையும் உட்கார வைத்தால் பாத்திரம் கிட்டத்தட்டக் காலி. 13 கோடிப் பேர் இருக்கும் பீகாருக்கு? நூற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கை கழுவத் தண்ணீர் மட்டும்.

மொய் வைப்பவர் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 2000க்குப் பிறகான மொத்தக் கணக்கில் முன்வரிசையில் இருப்பது மொரீஷியஸ். 13 லட்சம் பேர்கூட இல்லாத தீவு. கரும்பு விற்ற காசில் இந்தியாவைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். 2016இல் திருத்தும்வரை அந்த நாட்டோடு நமக்கிருந்த வரி ஒப்பந்தம் அப்படிப்பட்டது. நம்மூர்ப் பணமே கடல் தாண்டிப் போய், முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு, ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’யாகத் திரும்பி வந்த கதையும் அதில் உண்டு. வந்த மாப்பிள்ளை தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் கையெழுத்துப் போடுவார். செல்போன் கோபுரம் பீகாரில் நின்றாலும் பெருமை மும்பைக்கு.

ஏன் இப்படி என்று கேளுங்கள். ‘சூழல்’ என்பார்கள் நிபுணர்கள். துறைமுகம், மின்சாரம், படித்த ஆட்கள். உண்மைதான். சூழல் என்ன வானத்திலிருந்து பெய்ததா? 1952இல் டெல்லி ஒரு ஏற்பாடு செய்தது. நிலக்கரி, இரும்பு, சிமென்ட்டுக்கு நாடு முழுக்க ஒரே ரயில் கட்டணக் கணக்கு. தன்பாத் சுரங்கத்து வாசலில் தொழிற்சாலை வைத்தாலும் ஒன்று, கடற்கரையில் வைத்தாலும் ஒன்று. கனிமம் இருந்த மாநிலங்களுக்கு இருந்த ஒரே அனுகூலத்தையும் அரசாணை போட்டுப் பிடுங்கினார்கள். மேற்கே விளைந்த பஞ்சுக்கு மட்டும் இந்தச் சமதர்மம் கிடையாது. 40 வருஷம் கழித்து, 1993 வாக்கில் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் 1991இல் கதவைத் திறந்தாகிவிட்டது. வந்த வெள்ளைக்காரரும் கொரியாக்காரரும் எங்கே ஆலை இருக்கிறதோ அங்கேதானே ஆலை வைப்பார்கள்? அந்தப் பந்தியில் நாமும் சாப்பிட்டவர்கள்தான். ஏப்பம் இன்னும் வருகிறது.

இப்போது புது ஏற்பாடு. 2023 ஜூனில் அமெரிக்க மைக்ரான் நிறுவனம் குஜராத்தின் சானந்தில் சிப் ஆலை வைப்பதாக அறிவித்தது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். பாதி மத்திய அரசு தரும். இன்னொரு 20 சதவீதம் குஜராத் அரசு தரும். மைக்ரான் தன் பையிலிருந்து எடுப்பது 82.5 கோடி டாலர் வரை. சீர் நாம் வைத்து, பந்தியும் நாம் போட்டு, மொய் நோட்டில் பேர் மட்டும் அவருக்கு. சொன்ன நேரடி வேலை 5,000. ஒரு வேலைக்கு நம் பங்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல். அதை அந்த ஆளின் கையிலேயே கொடுத்திருந்தால், வட்டியில் அவரே பத்துப் பேருக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பார். அந்த மத்திய அரசுப் பாதியில் பீகார்க்காரர் சோப்பு வாங்கிக் கட்டிய வரியும் இருக்கிறது.

நம் வீட்டு லட்சணமும் இதுதான். பின்தங்கிய இடங்களைக் கைதூக்கிவிட 1971இல் சிப்காட் பிறந்தது. மானாமதுரைக்கும் ஒரு தொழிற்பேட்டை, புதுக்கோட்டைக்கும் ஒன்று, ஓசூருக்கும் ஒன்று. ஓசூர் எங்கேயோ போய்விட்டது. பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருந்ததைத் திட்டத்தில் யாரும் எழுதவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்ததும், தாய்க்கோழி பின்னால் குஞ்சு மாதிரி உதிரிபாகக் கம்பெனிகள் வந்து அடைந்தன. நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கோ தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி. முதலீடு செய்தது வேலிக்கருவை ஒன்றுதான். 2023 ஏப்ரலில் இன்னொரு பணிவிடையும் செய்தோம். முதலீட்டாளர் மனம் குளிர 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினோம். ஊர் கூடிக் கத்திய பிறகு, மே தினத்தன்று வாபஸ். தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி.

ஒரகடத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீக்கடையில் நின்று பாருங்கள். பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி, அதற்குக் கீழே ஒடியா. அதைப் படிப்பவர்கள், பணம் தங்கள் ஊருக்கு வராததால், பணம் இருக்கும் ஊருக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் கக்கூஸ் கதவோரம் உட்கார்ந்து வந்தவர்கள். ஒருநாள் அங்கே என் பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கும். ஒரு கையில் டீ, மறு கையில் விரிசல் விழுந்த போன். தர்பங்காவிலிருக்கும் அம்மாவுக்கு ஜிபே. ஐயாயிரம் என்று அடித்தான். யோசித்தான். அழித்துவிட்டு நாலாயிரத்து ஐந்நூறு என்று அடித்தான்.

பீகாருக்கு அன்று போய்ச் சேர்ந்த வெளியூர் முதலீடு அது. பொன்னாடை போர்த்த யாரும் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினான்.