பேப்பர் போடப் போகிறவர்

நம்மவர் வேலையை விடுவதாக அடுத்த மாதம் பேப்பர் போடப் போகிறார். போன தீபாவளிக்கு முன்பும் அடுத்த மாதம்தான். போனஸ் கைக்கு வரட்டும் என்றார். வந்ததும், இன்கிரிமென்ட் என்ன போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றார். இன்கிரிமென்ட் லெட்டர் கொடுத்த அன்று, இவ்வளவுதானா என்ற கோபத்தில் கிட்டத்தட்டப் போட்டே விட்டார். ஹெச்.ஆர். அன்றைக்கு லீவு.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் எந்த ஷிப்ட் முடிந்து எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் இவர் உட்கார்ந்திருப்பார். 1998-இல் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோ செய்ய ஆரம்பித்தது; அப்புறம் ஒரகடம் வரை ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் பின்னால் வெண்டர் கம்பெனிகள் வந்து குவிந்தன. அப்படி ஒன்றில் பிரஸ் ஷாப்பில் நின்றபடி வேலை. நிற்கிற நேரத்துக்குச் சம்பளம், கூட நின்றால் ஓ.டி. இதை விட்டுவிட்டு மனை விற்கப் போக வேண்டும். மனை இல்லையென்றால் இன்சூரன்ஸ். அதுவும் இல்லையென்றால் நடுவில் ஒரு மாதம் மூலிகை சோப்புகூட இருந்தது. எதுவானாலும் சரி, கமிஷன் வர வேண்டும்.

நைட் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பியதும் மொத்த வண்டியும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். நம்மவர் தூங்கமாட்டார். பக்கத்து சீட்டையும் தூங்க விடமாட்டார். பெரும்பாலும் பக்கத்து சீட்டு நான்தான்.

"ண்ணா, ஒண்ணே ஒண்ணுணா. மாசத்துக்கு ஒண்ணே ஒண்ணு வித்தா போதும்."

போனில் கால்குலேட்டர் திறக்கும். ஒரு மனைக்கு 40,000 கமிஷன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் தண்டலத்தைத் தாண்டும்போது ஒரு மனை விற்றாகிவிடும். செம்பரம்பாக்கத்தில், "ரெண்டு விக்க மாட்டோமாணா?" 80,000. நசரத்பேட்டை வருவதற்குள் கீழே நாலு பசங்களைச் சேர்த்து டீம் போட்டு, அவர்கள் விற்பதிலும் பங்கு வந்து, இரண்டு லட்சத்தைத் தொட்டிருப்பார். பூந்தமல்லியில் இறங்கும்போது சொந்தக் கார். எங்கள் பிரஸ்ஸில் அடித்த பாகம் பொருத்தின கார் மட்டும் வேண்டாமாம். "நாம அடிச்சது நமக்குத் தெரியாதாணா?"

இந்தக் கணக்கில் வருகிற ஜனங்களைத்தான் நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருவர்கூட "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்வதில்லை. யாருக்கும் பேங்க் லோன் இழுப்பதில்லை. இலவச வேனில் வந்து, சைட்டைப் பார்த்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு போனை எடுக்காமல் விடுகிற குடும்பம் இல்லை. அவருடைய வருஷத்தில் ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது; பன்னிரண்டு மாதமும் தை. பெட்ரோலைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் வந்துரும்ணா" என்றார். எங்கிருந்து என்று சொல்லவில்லை. ரியல் எஸ்டேட் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது, ஏஜெண்டாகப் பதியாமல் மனை விற்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அது பெரிய ஆட்களுக்காம். பத்தாயிரத்தைக் கழிக்காமல் அடுத்த மனையை விற்கப் போய்விட்டார்.

சம்பளத்துக்கும் அவரிடம் இரண்டு கணக்கு உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணின் சித்தப்பா சம்பளம் கேட்டார். "முப்பத்திரண்டு வரும் மாமா." ஓ.டி., ஷிப்ட் அலவன்ஸ், அட்டெண்டன்ஸ் போனஸ், வருஷ போனஸைப் பன்னிரண்டால் வகுத்தது, கேண்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ்ஸால் மிச்சமாகும் டிக்கெட் காசு எல்லாம் அதற்குள் அடக்கம். அதே மனிதர் மறுநாள் பஸ்ஸில், கமிஷனோடு ஒப்பிடும்போது, "கையில பதினாலுதாணா நிக்குது" என்கிறார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ரூம் வாடகை, பைக் டியூ, சீட்டுப் பணம், மச்சானுக்குக் கொடுத்த கடன், எல்லாம் போக மிச்சம்.

பி.எஃப்.இல் இவர் போடுகிற 12 சதவீதத்துக்குக் கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு இவரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், கம்பெனி கட்டுவது மூன்றேகால். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டில்தான் நடந்தது. பிடித்தம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. வருகிற பங்கு தெரிவதில்லை.

இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "நோக்கியாவே போச்சேணா." 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் உற்பத்தி நின்றது. 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு கடைசி வண்டியை வெளியே விட்டது. நிலையான வேலை என்று இந்த ரோட்டில் நின்றுகொண்டு யாரும் சத்தமாகச் சொல்ல முடியாது. இங்கே நான் வாயை மூடிக்கொள்வேன்.

அவர் சொல்லாமல் விடுகிற நியாயமும் உண்டு. மூன்று வருஷம் டிரெய்னியாக இருந்து பெர்மனென்ட் ஆனவர். நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் இவருக்கும் சம்பளத்தில் சில ஆயிரம்தான் வித்தியாசம். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இவருக்குச் சிங்கிளாகத்தான் வருகிறது. வருஷக்கணக்காக நின்று வேலை செய்தவனுக்கு உட்காரும்படி ஒரு சம்பளம் போட்டிருந்தால், அவன் ஏன் கால்குலேட்டரைத் தூக்கப் போகிறான்?

அதைவிட எனக்குக் கோபம், அந்த 40,000-ஐ இவர் தலைக்குள் போட்டவர்கள் மேல்தான். வீக் ஆஃபில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி ஹாலுக்குக் கூப்பிடுவார்கள். டை கட்டிய ஒருவர் முதல் வேலையாக, உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள் என்பார். அந்த நூறு பேருக்காகத்தான் இவரைக் கூப்பிட்டதே. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வண்டி இவருடையது, பெட்ரோல் இவருடையது, மாமன் மச்சான் இவருடையவர்கள். அந்தப் பட்டியலில் நான் மூன்றாவது.

ஒரே ஒரு தடவை நிஜமாகவே விற்கப் போனார். 2022-இல் பரந்தூர் ஏர்போர்ட் அறிவிப்பு வந்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாதி மனைகள் அதற்குப் 'பக்கத்தில்' வந்துவிட்டன. அதில் ஒன்றைத் தன் தாய்மாமனுக்குக் காட்டினார். மாமனுக்குப் பிடித்துவிட்டது; அட்வான்ஸ் எடுத்துவிட்டார். அப்போது நம்மவர் அவரை ஓரமாகக் கூட்டிப்போய், "மாமா, ஐப்பசியில ஒரு தடவ வந்து பாத்துடு. இங்க தண்ணி நிக்கும் போல இருக்கு. ஏகனாபுரத்துல வேற ஏர்போர்ட்டுக்கு நிலம் தர மாட்டோம்னு இன்னும் போராடிக்கிட்டு இருக்காங்க" என்றிருக்கிறார். மாமன் அட்வான்ஸை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு, "சொல்லாம எப்படிணா விக்கிறது?" என்று என்னையே கேட்டார்.

இந்த ஆள் கமிஷனில் பிழைக்கமாட்டார். இது என் முடிவான கருத்து. எங்கள் லைனிலிருந்து உண்மையிலேயே விற்பனைக்குப் போனவர்கள் இரண்டு பேர். அவர்கள் யாரிடமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் பஸ்ஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். "என்னணா பண்ணலாம்?" என்று கேட்டால் போ என்றும் சொல்லாதீர்கள், இரு என்றும் சொல்லாதீர்கள். எது சொன்னாலும் பிற்பாடு உங்களைத்தான் கை காட்டுவார். வீக் ஆஃபில் போய் ஒன்றே ஒன்று விற்று, பத்திரம் முடித்து, கமிஷன் அக்கவுண்ட்டில் ஏறிய பிறகு பேப்பர் போடச் சொல்லுங்கள். அந்த ஒன்றை என் தலையில் கட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.