பூனை கேக்கறது ஒரு பிடி மண்ணு

வா கண்ணு, இப்படி வந்து குந்து. மூஞ்சி ஏன் கருவாடு மாதிரி சுருங்கிப் போய் கீது? வேலையில சீட்டு கிழிச்சுட்டானா? இல்லியா? பொண்ணு வூட்டுக்காரங்க வேணான்னுட்டாங்களா? அதுவும் இல்லியா? பூனை மெத்தையில மூத்திரம் வுட்டுடுச்சா! அட, அதுக்கா இந்த ஒப்பாரி?

சரி சரி, சிரிக்கல. சொல்லு.

லிட்டர் பாக்ஸுல போவாம வெளிய போவுதா. லிட்டர்னா எனக்குத் தெரிஞ்சது பாலும் கிருஷ்ணாயிலும்தான். இது பூனை கக்கூஸ் மண்ணாமே? நல்லது. பேரு வெச்சவன் நல்லா இருக்கட்டும். அப்பால இன்னாவோ சொன்னியே, நீ அதுக்கு ‘கேட் பேரண்ட்’னு? உங்கப்பனாண்ட சொல்லிட்டியா? பேரன் வந்த சேதி தெரியாம அவன் பாட்டுக்கு காசிமேட்டுல வலைக்கு முடிச்சு போட்டுகினு கீறான்.

நேத்து உன் வூட்டுக்கு வந்தப்பவே பாத்தேன். திருவொத்தியூர்ல மூணாவது மாடி, ரெண்டே ரூம்பு, அதுல பூனைக்குத் தனி மாளிகை. முட்டை மாதிரி உருண்டையா ஒரு டப்பா. மேல மூடி. முன்னால ஆடற கதவு. உச்சியில நாத்தம் உறிய கரி வில்லை. உள்ள லாவண்டர் வாசனை போட்ட மண்ணு. அத்த எங்க வெச்சிருக்க? வாஷிங் மிஷின் பக்கத்துல. மிஷின் துணி பிழியறப்ப கூட்ஸ் வண்டி போற மாதிரி தரையே அதிருது. அந்த நேரம் பாத்து நீ உள்ள குந்தியிருந்தா உனக்கு வருமா?

பதில் சொல்லு. வருமா?

இந்த டப்பாவ யாருக்கு வாங்கின? உன் மூக்குக்கு வாங்கின. உன் கண்ணுக்கு வாங்கின. வூட்டுக்கு வர்ற சிநேகிதன் ‘சூப்பர்டா மச்சி’ன்னு சொல்லணும், அதுக்கு வாங்கின. உள்ள போயி குந்தப் போறது யாருன்னு மட்டும் ரோசனை பண்ணல.

பூனையோட பாட்டன் முப்பாட்டன்லாம் பாலைவனத்து ஆளுங்க. ஆப்பிரிக்கா, அரேபியா பக்கம் சுத்தினு இருந்த காட்டுப்பூனை வம்சம்னு படிச்சவங்களே சொல்லிட்டாங்க. கால வெச்சா பொதுக்குன்னு மண்ணு இருக்கணும். தோண்டணும், போவணும், மூடணும். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும். குந்தியிருக்கறப்ப எவனாச்சும் வந்தா ஓட வழி இருக்கணும். இவ்ளோதான் அதோட கோரிக்கை. ஒத்தை ஓட்டை வெச்ச உருண்டைக்குள்ள போவ சொன்னா அதுக்கு அது கக்கூஸா தெரியுமா? எலிப்பொறியா தெரியும்!

நாங்க மட்டும் இன்னா ஒசத்தி? சின்ன வயசுல எங்களுக்கு விடியக்காலம் கடலோரம்தான் எல்லாம். காத்து வரும், மண்ணு இருக்கும், அலை வந்து கழுவினு போவும். பெருமையா சொல்லல, இருந்தத சொல்றேன். எங்கள மூடின பெட்டியில குந்தவெச்சு லாவண்டர் அடிச்சிருந்தா நாங்களும் மெத்தையிலதான் போயிருப்போம்.

இப்ப அந்த மண்ணும் இல்ல. வெள்ளைக்காரன் 1870-கள்ல ஹார்பருக்குன்னு கடலுக்குள்ள சுவரு எழுப்ப ஆரம்பிச்சான். 1881 புயலு வந்து ஒடச்சுது. அப்பவும் வுடல, மறுபடி கட்டினான். நம்ம கடல்ல மண்ணு தெக்கேர்ந்து வடக்கால நடந்துகினே போற சமாச்சாரம். குறுக்க சுவரு நின்னுதா, வந்த மண்ணு தெக்கால தங்கி மெரினா அகலமாயிடுச்சு. வடக்கால நமக்கு வர வேண்டிய மண்ணு வரல. ராயபுரம் தொட்டு எண்ணூர் வரிக்கும் கடலு கரையக் கடிச்சுத் தின்னுச்சு. அப்பால லாரி லாரியா கருங்கல்லு கொட்டினாங்க. மெரினாவுல சுண்டல் திங்கறவனுக்கு நம்ம மண்ணு, நமக்குக் கல்லு. மனுசனுக்கே இந்த கதி. பூனை எங்க போவும்? அதான் டப்பாவுல மண்ணு போட்டு வெக்க வேண்டியதாப் போச்சு.

கடை மண்ணு வந்த கதைய கேளு. 1947. நாம கொடியேத்தின வருசம். அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் எட் லோன்னு ஒருத்தன். தரையில சிந்தின எண்ணெய உறிய மரத்தூளும் களிமண்ணும் விக்கறது அவங்க குடும்பத் தொழிலு. பக்கத்து வூட்டம்மா பூனைக்கு வெச்சிருந்த மண்ணு குளிருல உறைஞ்சு போச்சு. அங்கியும் அதுவரிக்கும் மண்ணும் அடுப்புச் சாம்பலும்தான், நம்ம வூடு மாதிரியே. ரவ மண்ணு குடுப்பான்னு அந்தம்மா வந்து நின்னுது. இவன் களிமண்ண குடுத்தான். பூனைக்குப் புடிச்சுப் போச்சு. உடனே பையில அடைச்சு ‘கிட்டி லிட்டர்’னு பேரெழுதினான், கோடீஸ்வரனாயிட்டான். அது இன்னா களிமண்ணு தெரியுமா? உங்கக்கா ஞாயித்துக்கிழமையானா மூஞ்சில அப்பிகினு குந்துதே, முல்தானி மிட்டி, அதே சாதி.

இப்ப நீ வாங்கறது வேற. தண்ணி பட்டா உருண்டையா இறுகற மண்ணு, பென்டோனைட்டு. நேத்து மூட்டைய திருப்பிப் பாத்தேன், சிரிப்பு பொத்துகினு வந்துடுச்சு. டேய், எண்ணூர்ல ஒரு பவுண்டரியில முப்பது வருசம் இந்த மண்ணோடதாண்டா நான் குடித்தனம் பண்ணேன்! வார்ப்புக்கு அச்சு புடிக்கணும்னா மணலோட பென்டோனைட்ட கலந்து, தண்ணி தெளிச்சு, மிக்சர்ல ஓட்டுவோம். கையில புடிச்சா கொழுக்கட்டை மாதிரி வெரலு பதிஞ்சு நிக்கணும். அப்பதான் உருக்கின இரும்ப ஊத்தறப்ப அச்சு சரியாது. குஜராத்துல கச்சுலேர்ந்து மூட்டை மூட்டையா வரும். பைலிங் போடறவனும் குழி இடியாம இருக்க இதத்தான் கரைச்சு ஊத்தறான். இரும்புக்கு அச்சு புடிச்ச மண்ணு இன்னிக்கி உன் பூனை சிம்பாவுக்குக் கக்கூஸு. பை மேல புசுபுசுன்னு ஒரு வெள்ளப் பூனை படம் போட்டா போதும், வெல எகிறிடுது. சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்கா பணம்.

மண்ணு மேல தப்பில்ல. பொடிசா, காலுக்கு மெத்துன்னு இருக்கும், பூனைக்கும் அதுதான் இஷ்டம். வாசனை சேத்தான் பாரு, அங்கதான் ராங்கு. ஒண்ணு சொல்லிட்றேன், அள்ளின உருண்டைய கக்கூஸுல போட்டுத் தண்ணி ஊத்தாத. ஊறி உப்பிக் குழாய அடைச்சுக்கும். கீழ் வூட்டுக்காரன் வந்து உன்ன கேக்கற கேள்விக்கு நான் பஞ்சாயத்துக்கு வர மாட்டேன்.

இரு இரு. டப்பா கதைக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். இத்த வெளையாட்டுக்குக் கேக்கல.

உன்னுது கடுவன்தானே? போயிப் போயி குந்துதா? முக்குதா? சொட்டு சொட்டா வருதா? ரத்தம் கலந்து வருதா? கத்தினு அந்த எடத்தையே நக்குதா? அப்படி இருந்தா அது கோவத்துல உன் மெத்தைய நனைக்கல. அதுக்கு வலிக்குது. டப்பாவுல குந்தறப்பல்லாம் வலிச்சா, டப்பாதான் கடிக்குதுன்னு நெனைச்சுகினு மெத்துன்னு வேற எடம் தேடுது. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்ப சன்னம். அடைச்சுகிச்சுன்னா ரெண்டு நாள்ல உசுரு போயிடும். ஒரு சொட்டும் வரலன்னா விடியட்டும்னு குந்தினு இருக்காத. தொறந்திருக்கற மிருக டாக்டராண்ட ஓடு. பகல்னா வேப்பேரி மாட்டாஸ்பத்திரி. பேரப் பாத்து மாட்டுக்கு மட்டும்னு நெனைக்காத. 1903-லேர்ந்து அங்க கால்நடை டாக்டருக்குப் படிப்பு சொல்லித் தராங்க, பூனையும் பாப்பாங்க. வலிக்குதேன்னு உன் பாராசிட்டமால ஒடச்சு குடுத்துடாத. அது பூனைக்கு எமன்.

வேளாவேளைக்கு நீ போடற அந்த பிஸ்கோத்தும் ஒரு காரணம். காஞ்சதே தின்னா உள்ள தண்ணி எங்கேர்ந்து போவும்? மூத்திரம் சுண்டிப் போவும். உங்கப்பன் கொண்டார காரப்பொடிய உப்பு, மொளகா போடாம வேவவெச்சு, முள்ளெடுத்து, தண்ணியோட பிசைஞ்சு ஒரு வேளைக்கு வெய்யி. பூனைக்கு இன்னான்னு சொல்ல ஆன்லைன்ல ஒரு அம்மா இருக்காங்களாமே? போன்லயே பூனை மனச படிக்கறாங்களாமே? சிம்பா உன் மேல ‘ரிவெஞ்ச்’ எடுக்குதுன்னாங்களா? அரை மணிக்கு எத்தினி துட்டு வாங்கினாங்க? வேணாம், சொல்லாத, எனக்கு ஏற்கெனவே பிரஷரு.

பழி வாங்க அதுக்கு வேற வேலை இல்லியா?

ரவ கவனிச்சுப் பாரு. குந்திகினு போவுதா, இல்ல நின்னுகினே வால ஒசத்தி ஆட்டிகினு செவுத்துல பீச்சுதா? பீச்சினா அது கக்கூஸ் சமாச்சாரமே இல்ல. நம்ம கட்சிக்காரன் தேர்தலுக்கு ஆறு மாசம் முந்தியே செவுத்துல ‘ரிசர்வ்டு’ன்னு எழுதிட்டுப் போறானே, அந்தக் கணக்கு. ஜன்னலாண்ட எந்தத் தெருக் கடுவனாச்சும் வந்து முறைச்சுட்டுப் போறானான்னு பாரு. ஆபரேசன் பண்ணிட்டா பத்துக்கு ஒம்பது கடுவன் அடங்கிடும். உன் சிம்பா குந்திகினுதான் போவுதுன்னு சொல்ற, அப்ப விசயம் டப்பாதான்.

மெத்தைய எதால தொடச்ச? பினாயிலா! நாசமாப் போச்சு. மனுசனுக்கு அது சுத்தம், பூனைக்கு வெசம். காலுல பட்டத நக்கும், அத்த முறிக்கற சக்தி அதோட ஈரலுக்குக் கெடையாது. அதுக்கு மேல பிளீச்சிங் பவுடரு வேறயா? மூத்திரம் ஊற ஊற அமோனியாவாவுது. அதோட பிளீச்சிங் சேந்தா வர்ற ஆவி உன் மூச்சையே அடைக்கும்.

அமோனியான்னா இந்தப் பக்கத்து ஆளுக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல இன்னா ஆச்சு? உரக் கம்பெனிக்குன்னு கடலுக்கடியில போற குழாயிலேர்ந்து அமோனியா கசிஞ்சுது. தூங்கினு இருந்த ஜனம் கண்ணு எரிய, தொண்டை எரிய, புள்ளகுட்டிய தூக்கினு இருட்டுல ஓடுச்சு. அன்னிக்கி யாராச்சும் அவங்கள நிறுத்தி, ‘வூடுன்னு ஒண்ணு இருக்கறப்ப ஏன் ரோட்டுல நிக்கற, ஒனக்கு ஒழுக்கமில்லியா’ன்னு கேட்டாங்களா? நீ மூணு நாளா அள்ளாத மூத்திரம் அந்த மூடின உருண்டைக்குள்ள அமோனியாவா நிக்குது. அதுக்கு மேல லாவண்டர். நம்மளவிட எத்தினியோ மடங்கு மோப்பம் இருக்கற ஜீவன் அது. வெளிய ஓடியாந்து மெத்தையில குந்தினா அதுக்கு நீ வெச்ச பேரு ‘பிஹேவியர் பிராப்ளம்’.

மெத்தைய இப்படி பண்ணு. பழைய பேப்பர அழுத்தி ஈரத்த எடு. தண்ணி, வினிகர் தெளிச்சு ஒத்தி ஒத்தி எடு. அப்பவும் முழுசா போவாது. யூரிக் அமிலம்னு ஒண்ணு வெறுந்தண்ணிக்குக் கரையாம ஒட்டிகினு கெடக்கும். சாயங்காலம் கடக்காத்து வந்து ஈரம் ஏறினா பழைய நாத்தம் எழுந்து நிக்கும். உனக்குத் தெரியாது, பூனைக்குத் தெரியும். ‘ஓ, இதான் நம்ம எடம்’னு மறுபடி அங்கியே வரும். அந்த அமிலத்தத் திங்கற என்சைம் மருந்து விக்குது. அது ஒண்ணுக்கு மட்டும் துட்டு செலவு பண்ணு, நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

அப்பால பஜார்ல போயி துணி ஊற வெக்கற அகல டப்பு ரெண்டு வாங்கு. ஆமா, ரெண்டு. ஒரு பூனைக்கு எதுக்கு ரெண்டுன்னு கேக்கற. ஒண்ணுல போவும், ஒண்ணுல பேளும், சிலது அப்படி. பெரிய மனுசங்க வூட்டுலயும் ரெண்டு கக்கூஸ் இருக்கு, அங்க நீ கணக்கு கேட்டியா? மூக்குலேர்ந்து வாலு அடி வரிக்கும் அளந்து, அதுல ஒண்ணரை மடங்கு நீளம் இருக்கட்டும். ஒரு பக்கம் விளிம்ப தாழ அறுத்து வுடு. வாசனை இல்லாத மண்ணு ரெண்டு அங்குலத்துக்குக் கொறயாம கொட்டு. மிஷினாண்ட வேணாம், சோத்துத் தட்டாண்டயும் வேணாம். ரெண்டையும் ஒரே மூலையில வெக்காத, அதுக்கு அது ஒண்ணாத்தான் தெரியும். காலையில ஒரு தபா, ராத்திரி ஒரு தபா அள்ளு. உங்கக்கா தலப்பிரசவத்துக்கு வந்து கீதே, அதுங்கையால அள்ள வுட்டுடாத. பூனைப் பீயில ஒரு கிருமி இருக்கும், வயித்துப் புள்ளைக்கு ஆவாது. நீதானே பேரண்டு? நீயே அள்ளு.

சாம்பல் போடலாமான்னு கேக்கறியா? அடுப்பே இல்லாத வூட்டுல சாம்பலுக்கு எங்க போவ? எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்தோரம் கொட்டிக் கெடக்குது, அனல்மின் நிலையத்துச் சாம்பலு. ஓசியில கெடைக்குதேன்னு அள்ளியாந்துடப் போற. அத்த மோந்து நம்ம நெஞ்சு பட்டது போதும், பூனையாச்சும் பொழைக்கட்டும்.

கெளம்பறியா? நில்லு. அந்த உருண்டை மூடிய குப்பையில போட்டுடாத. எத்தினி குடுத்த அதுக்கு? யப்பா! சரி, நல்லா கழுவி சாயங்காலம் எடுத்தாந்து குடு. நம்ம வூட்டு வெடக்கோழி மூணு நாளா கட்டிலுக்கடியில, கரி மூட்டைக்குப் பின்னாலன்னு இருட்டு மூலையா தேடித் தேடி அடைக்குக் குந்துது. மூடல் புடிச்ச ஜீவன் அதுதான். லாவண்டர் வாசனையில முட்டை எப்படிப் பொரியுதுன்னு பாப்போம்.