தென்படா டிஸ்க்: ஓர் அளவையியல் ஆய்வு

அளவைகள் ஆறென்றும் பத்தென்றும் வாதிட்டோரை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கினார். கேபினெட்டுக்குள் திருகிவைத்த ஹார்டு டிஸ்க் விண்டோஸில் தலைகாட்டாதபோது இம்மூன்றும் என்ன பாடுபடுகின்றன என்பதைச் சைவ உலகம் ஆராயாமல் விட்டது. அக்குறை இங்கே நீங்குகிறது.

முதலில் உரை. “கேபிளைக் கழட்டி மாட்டிப் பாருங்க சார்” என்பது சர்வீஸ் கடைக்காரரின் ஆப்தவாக்கியம். எள்ளற்க. சாட்டா டிஸ்க்குக்கு 7 பின் டேட்டா கேபிள், 15 பின் பவர் கேபிள் என இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் செருகி மூடியைத் திருகுவோர் எக்காலத்தும் உளர்.

கருதலாவது, டிஸ்க்கின் மேல் விரலை வைத்து அதிர்வைக் கொண்டு சுழற்சியை ஊகிப்பது. அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி வந்து இதன் பிழைப்பைக் கெடுத்தது.

காண்டலில்தான் பூசல். காணாதவர் யார் என்று கேட்காமலே பலர் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பயாஸ் கண்டு விண்டோஸ் காணாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்க வேண்டும். அங்கே ‘அன்அலக்கேட்டட்’ என்ற கறுப்புப் பட்டையோடு அது சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். புதியதென்றால் இனிஷியலைஸ் செய்து ஃபார்மட் அடிக்கலாம். 2 டிபிக்கு மேற்பட்டதற்கு எம்பிஆர் போதாது, ஜிபிடி வேண்டும். படங்கள் நிறைந்த பழைய டிஸ்க் இனிஷியலைஸ் கேட்டால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவதே உத்தமம்.

பயாஸும் கைவிரித்தால்? சாட்டா 3.3 விதிப்படி, பவர் கேபிளின் மூன்றாம் பின்னில் மின்சாரம் வந்தால் டிஸ்க் தூங்கலாம். பழைய பவர் சப்ளைகளோ அந்தப் பின்னில் எந்நேரமும் 3.3 வோல்ட் அனுப்புகின்றன. (பதிப்பும் 3.3, வோல்ட்டும் 3.3, எண் சோதிடர் கவனிக்க.) பழுதில்லாத டிஸ்க் சொன்ன சொல் தட்டாமல் தூங்குகிறது. அந்தப் பின்மேல் நகக்கண் அளவு கேப்டான் டேப் ஒட்டினால் எழுந்துவிடும்.

இவை எதிலும் அடங்காதது சீகேட் பாரகுடா 7200.11 விவகாரம். 2009 தொடக்கத்தில் ஃபர்ம்வேர் பிழையால் இவ்வகை டிஸ்க்குகள் சில, டேட்டா கெடாமலே பயாஸிலிருந்து மறைந்தன. நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேர் தந்தது. அதை ஏற்ற வேண்டுமானால் கணினிக்கு முதலில் டிஸ்க் தெரிய வேண்டும்! பொறுமையிழந்த ஆர்வலர்கள் சர்க்யூட் போர்டுக்கடியில் அட்டைத்துண்டைச் செருகி, சீரியல் பின்களில் ஒயர் கோத்து, டிஸ்க்கோடு நேரடியாகவே பேசி அதை எழுப்பினர்.