வளர்ச்சிக்குப் பில் அடிக்கத் தெரியாது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கு என்ன குறைச்சல்? 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் கைகோத்தன. கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தரவு மையம். செடெனாக்கில் இன்னும் பல. மாநிலத்தின் மின்சாரத்தையும் தண்ணீரையும் குடித்துவிட்டு, உலகத்தின் எந்த மூலையிலிருந்து என்ன கேட்டாலும் நொடியில் பதில் சொல்லும் மகா மூளைகள் அவை. அதே ஜொகூரில் ஓர் உதிரிபாகக் கடைக்காரர் மூன்று நகல் டி.ஓ. (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) அச்சிட வேண்டுமென்றால் மட்டும் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ள வேண்டும்.

அவர் செய்த குற்றம், தொண்ணூறுகளில் காசு கொடுத்து வாங்கிய டாஸ் கணக்கு மென்பொருளை இன்னும் தூக்கியெறியாதது. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. கடைக் கிராணியின் விரல் நாலு விசையைத் தட்டுவதற்குள் பில் தயார். சரக்கு இருப்பும் கடன் பாக்கியும் சென் கணக்கில் சரி. ஊசித்தலைப் பிரிண்டர் கார்பன் தாளைக் கரகரவென்று குத்தி, ஒரே அடியில் மூன்று பிரதி தரும். தொழிற்சாலை ஸ்டோர்க்காரர் அதில் சாப்பு குத்தித் திருப்பித் தருவார். தாளைக் குத்தாத லேசர் பிரிண்டருக்கு அந்த வேலை ஆகாது.

இதைத்தான் கெடுத்தார்கள், தவணை தவணையாக.

டாஸ் நிரல் எழுத்துகளை நேரே எல்பிடி1 என்ற பிரிண்டர் துறைக்கு (போர்ட்) அனுப்பும். புதுக் கணினிகளில் அந்தத் துறையையே காணோம், எல்லாம் யூஎஸ்பி. சரி, பிரிண்டரைப் பகிர்ந்துவைத்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அதன்மேல் ஒட்டலாம். ஒட்டினால், மலிவுப் பிரிண்டருக்கு வெறும் எழுத்து விளங்காது; பக்கத்தைப் படமாக வரைந்து கொடுத்தால்தான் அசையும். எழுத்து விளங்குகிற பிரிண்டரோ, பக்கம் முடிந்ததென்று சொல்லும் 12ஆம் எண் குறியீடு வரவில்லையென்று தாளை விழுங்கி வைத்துக்கொண்டு விளக்கைச் சிமிட்டும். இதையெல்லாம் தாண்டி வந்தவர்களுக்கு, 2021 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பிவைத்தது. பல அலுவலகங்களில் பகிர்ந்த பிரிண்டர்கள் 11பி என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. பாதுகாப்புதானே, அச்சே வராவிட்டால் ரகசியம் எப்படி வெளியே போகும்?

64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10இல் ஒரு மூலையில் அதை விட்டுவைத்திருந்தார்கள். 2025 அக்டோபர் 14 அன்று அதற்கும் ஆதரவை நிறுத்தினார்கள். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

உடனே நிபுணர் வருவார், புது மென்பொருள் விலைப்பட்டியலோடு. மாதச் சந்தா, இணையம் அறுந்தால் வியாபாரமும் அறுந்தது. "இ-இன்வாய்ஸ் வந்துவிட்டது முதலாளி, பழசு உதவாது" என்று பயமுறுத்துவார். உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் நாமே காசில்லாமல் பதியலாம் என்பதை மட்டும் அவர் வாய் சொல்லாது. 2015இல் ஜிஎஸ்டி வந்தபோது இதே நிபுணர்கள் மென்பொருள் விற்றார்கள். 2018இல் அது போனபோதும் விற்றார்கள். வரி வந்தாலும் போனாலும் அவர்களுக்கு அறுவடை.

பழசை ஓட்டவே முடியாதாம். பொய்! டாஸ் காலத்து விளையாட்டுகள் இன்றைக்கும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டத்தான் விளையாட்டுப் பிரியர்கள் டாஸ்பாக்ஸ் என்ற நிரலை எழுதினார்கள். அதில் அச்சிடும் வசதி வைக்கவில்லை. பேயைச் சுடுகிறவனுக்குப் பில் எதற்கு? பிறகு வேறு தன்னார்வலர்கள் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் அந்த வசதியையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். சம்பளமில்லாத நாலு பேருக்கு முடிந்தது, லட்சம் கோடி டாலர் கம்பெனிக்கு முடியாதா? முடியும். பழைய வாடிக்கையாளனிடம் கறக்க ஒன்றுமில்லை என்பதால் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சட்டம் போடுங்கள்: ஆதரவை நிறுத்துகிறவன் மூலநிரலைத் திறந்துவிட்டுப் போகட்டும். தரவு மையங்களுக்கு வரிச்சலுகை எழுதத் தெரிந்த பேனாவுக்கு இந்த ஒரு வரி பாரமா? எழுதும்வரை, மின்னிலக்கப் பொருளாதாரம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் உரையை விண்டோஸ் 11இலிருந்து ஊசித்தலைப் பிரிண்டரில், மூன்று நகலாக, தாங்களே அடித்துக்கொண்டு வந்து வாசிக்கட்டும். நாட்டுக்குக் கொஞ்ச நாள் நிம்மதி கிடைக்கும்.